பதினெட்டுப் புள்ளிகள்

குழாயில் ஒட்டிய சீட்டு சொல்வது இவ்வளவுதான்:
ஆண். வயது இரண்டு, நான்கு மாதம்.
காய்ச்சலின் ஐந்தாம் நாள்.
பெயர் இத்சுகி.
முகம் தெரியாது எனக்கு.
என்னிடம் இருப்பது
இரண்டு மில்லி அவன்.

நாகவோகாவில் இரவு மூன்று மணி.
சாலையின் நடுக்கோட்டில் புதைத்த குழாய்கள்
நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கின்றன.
அந்த நீரில் இரும்பு அதிகம்.
எங்கள் தெருக்கள் துருவேறிச் சிவந்தவை.
வெளியூர்க்காரர்கள் நின்று பார்ப்பார்கள்.
எங்களுக்கு அது கண்ணில் படுவதில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு.
நசுக்கிப் பார்க்க இங்கே விரல் இல்லை,
இயந்திரம் பார்க்கிறது.
சி.ஆர்.பி. பதினொன்று புள்ளி எட்டு.
அரையைக்கூடத் தொடக் கூடாத எண் அது.
வெள்ளணுக்கள் பத்தொன்பதாயிரம்.
நிமிர்த்தி வைத்த மெல்லிய குழலில்
சிவப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது,
கீழே யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்.
ஒரு மணி நேரத்தில் எண்பத்தாறு மில்லிமீட்டர்.

எரிகிறது என்று மட்டும்தான் எண்கள் சொல்லும்.
எந்தக் கூரை என்று சொல்லாது.
காதில் சீழ் வைத்தாலும் இதே எண்.
நெஞ்சில் சளி கட்டினாலும் இதே.
அழல் என்றால் தீ,
அழுவதும் அழல்தான்.
அழற்சி என்று எழுதிக் கொடுக்கிறவள்
இரண்டில் எதை எழுதினாள் என்று
யாரும் என்னைக் கேட்டதில்லை.

வார்டிலிருந்து செவிலி குவாபரா பேசினாள்.
முடிவு வந்துவிட்டதா என்று கேட்கத்தான்.
ஆனால் பேச்சை விடவில்லை:
கண் சிவந்திருக்கிறது, பூளை இல்லை.
உதடு வெடித்திருக்கிறது.
காலுறை போட விடமாட்டேன் என்கிறான், பாதம் வீங்கியிருக்கிறது.
அப்புறம், கையில், தோளுக்குக் கீழே,
காசநோய்த் தடுப்பூசி குத்திய இடம்.
ஒன்பது ஊசி முத்திரை, இரண்டு தரம்.
பதினெட்டுப் புள்ளிகள்
ஆறு மாதக் குழந்தையில் ஆறித் தூங்கியவை,
எல்லாம் எழுந்திருக்கின்றன, சிவப்பாக.

இருவரும் சற்று நேரம் பேசவில்லை.
தீ குழாய்களின் சுவரில்.
இதயத்துக்கே சோறு போடும் குழாய்கள்;
அவன் வயதில் ஒரு சேமியா இழை பருமன்.

விடியுமுன் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள்.
ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்தில் வடித்தது.
ரயில் நிலையத்து முகாமில்
ஆப்பிள் ஜூஸ் குடித்து, சட்டைக்கையை இறக்கிவிட்டு
வேலைக்கு ஓடியவர்கள்.
அவர்களுக்கும் அவன் முகம் தெரியாது.

காலையில் பான இயந்திரத்தின் முன்னால் அவன் அம்மா.
அரிசி வறுவல் தொழிற்சாலைச் சீருடை, முடிவலைகூடக் கழற்றவில்லை.
சோயா வாசனை.
என் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக் கேட்டாள்:
"எண் இறங்கிற்றா?"
நான் மருத்துவர் இல்லை, சொல்லக் கூடாது.
குனிந்து வணங்கினேன்.
அவளும் வணங்கினாள்.
சோளச் சூப் டப்பா தடதடவென்று விழுந்தது,
அவள் எடுக்க மறந்தாள்.

மறுநாள் நான்கு புள்ளி ஒன்று.
பிறகு பூஜ்யம் புள்ளி ஆறு.
குழலில் சிவப்பு மட்டும் முன்னைவிட வேகமாய் இறங்கியது;
அது மருந்தின் வேலை, நம்ப வேண்டாம் என்றார் ஹொரியே.
பதினோராம் நாள் தட்டணுக்கள் ஏழு லட்சத்து எண்பதாயிரம்:
தீ அணைந்தபின் வாளியோடு ஓடிவரும் கூட்டம்.
விரல்நுனிகளில் தோல் உரிகிறதாம்.
உரித்து உரித்து அம்மாவிடம் நீட்டுகிறானாம்.

என் எண்களெல்லாம் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன.
இடது இதயக்குழாய் மூன்று புள்ளி ஒன்று மில்லிமீட்டர்,
கொஞ்சம் விரிவு, பார்ப்போம்
என்று எழுதியிருக்கிறார்கள்.
அது வேறு அறையில், இருட்டில், ஒலியால் அளந்த எண்.
என்னிடம் அதற்குக் குழாய் இல்லை.

பணி முடிந்து நடந்தேன்.
பனி கரைந்த இடத்தில் தெரு சிவந்து கிடந்தது.
இந்த ஊரில் எல்லோருக்கும் அந்தப் பதினெட்டு உண்டு, எனக்கும்.
பேருந்து நிறுத்தத்தில் கோட்டின் மேலாகவே
இடது கையைத் தடவிப் பார்த்தேன்.
துணி தடிமன்.
ஒன்றும் தட்டுப்படவில்லை.